ஜூலை 17இல் ஏன் கூழ் காய்ச்சுகிறோம்?

இலங்கையின் அரச விடுமுறைப் பட்டியலில் ஆடிப்பிறப்பு இல்லை. ஜூலையில் எசல போயா என்கிற பௌத்தப் பௌர்ணமிக்கு லீவு உண்டு, ஆடி முதலாம் திகதிக்குக் கிடையாது. வங்கி திறந்திருக்கும், கச்சேரி என்கிற அரச அலுவலகம் திறந்திருக்கும், பள்ளிக்கூடமும் நடக்கும். ஆனால் அதற்கு முதல் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ போனால், பயறும் தேங்காயும் பனங்கட்டியும் வாங்கச் சனம் நிற்பதைப் பார்க்கலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டு, நாளைக்கு விடுதலை என்ற குதூகலத்தோடுதான் தொடங்குகிறது. இன்று அதைப் பாடுகிற பிள்ளை, பாடி முடித்துவிட்டு வகுப்புக்குப் போகிறது.

லீவும் இல்லை, பெரிய கோயில் திருவிழாவும் இல்லை, புது உடுப்பும் இல்லை. கூழும் கொழுக்கட்டையும் மட்டும்தான். அப்படியிருந்தும் இந்த நாள் ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விளக்கம் வரும். ஒன்று, சூரியன் தெற்கு நோக்கித் திரும்புகிற நாள், தட்சிணாயனத் தொடக்கம், தேவர்களுக்கு இரவு தொடங்குகிறது என்பது. மற்றது, விதைப்பு மாதம் பிறக்கிறது, உழவர் கொண்டாடுகிறார்கள் என்பது. இரண்டுமே கேட்க நன்றாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நின்று வானத்தையும் வயலையும் பார்த்தால் இரண்டுமே சரிவரப் பொருந்துவதில்லை.

முதலில் வானம். சூரியன் உண்மையில் தெற்கே திரும்புவது ஜூன் 21ஐ ஒட்டி. ஆடிப்பிறப்பு வருவதோ ஜூலை 16 அல்லது 17. ஏறக்குறைய 25 நாள் பிந்திவிட்டோம். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலைசுற்றுவதுதான் காரணம். நம்முடைய சூரிய மாதங்கள் விண்மீன்களை வைத்து எண்ணப்படுகின்றன. சூரியன் கடக ராசிக்குள் புகும் கணம்தான் ஆடியின் பிறப்பு. பருவங்களோ விண்மீன்களைப் பார்ப்பதில்லை. விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளமானது. 20 நிமிடம் ஒரு பொருட்டா என்று தோன்றும். 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்று சேர்ந்து சேர்ந்து, சுமார் 1,700 ஆண்டுகளில் அது இவ்வளவு தூரம் இழுத்துவந்துவிட்டது. கடகத்தில் புகுவதும் தெற்கே திரும்புவதும் ஒரே நாளாக இருந்த காலம் ஒன்று உண்டு. பஞ்சாங்கம் அந்தக் காலத்துச் சொல்லை இன்றும் வைத்திருக்கிறது.

ஆங்கிலத் திகதி நகர்வதும் இதனால்தான். இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சான்று ஒன்று சொல்லலாம். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று, அதாவது தைப்பொங்கல் நாளில். திகதி 1863 ஜனவரி 12. 1897இல் அவர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசியபோதும் பொங்கல் இன்றைய திகதிக்கு வந்திருக்கவில்லை. இப்போது அது ஜனவரி 14 அல்லது 15. அதே கணக்கில்தான் ஆடிப்பிறப்பும் நகர்ந்திருக்கிறது. எங்கள் பாட்டன்மார் காலத்தில் பெரும்பாலும் ஜூலை 16, நமக்குப் பெரும்பாலும் ஜூலை 17. பழைய நாட்குறிப்பில் 16 என்று இருந்தால் எழுதியவர் பிழை விட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கம். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் மற்றது. வாக்கியம் பழைய வாய்பாடுகளை அப்படியே பின்பற்றுகிறது. திருக்கணிதம் வானத்தில் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறது. இரண்டு ஆண்டுக் கணக்குகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு மூன்றரை நிமிடம்கூட வராது. ஆனால் சூரியனின் நடையை இரண்டும் வேறு வேறாகக் கணிப்பதால், ஆடி பிறக்கும் கணம் வாக்கியத்தில் பல மணி நேரம் பிந்துகிறது. தமிழர் வழக்கில் சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே முதல் நாள், மறைந்த பிறகு என்றால் மறுநாள். ஆகவே இந்தச் சில மணி நேரம் சூரியன் மறைவின் இருபக்கமும் விழுகிற ஆண்டுகளில், ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் இன்றைக்குக் கூழ், அடுத்த வீட்டில் நாளைக்குக் கூழ். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

அடுத்தது வயல். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழகத்துப் பழமொழி. காவிரியில் புதுவெள்ளம் வருகிற மாதம் அங்கே. குடாநாட்டில் அப்படியொரு ஆறே இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும்தான் ஓடும். தென்மேற்குப் பருவமழையைத் தெற்கு மலைநாடு வாங்கிக்கொண்டு விடுகிறது. இங்கே வந்து சேர்வது சோளகக் காற்று மட்டும். ஆடியில் புழுதி பறக்கும், கிணற்றில் தண்ணீர் கீழே போகும். நெல் விதைப்பது புரட்டாதி, ஐப்பசியில், வாடைக்காற்று மழையை நம்பி. வெட்டுவது தை, மாசியில். ஆடி என்பது யாழ்ப்பாணத்து நெல்வயலுக்கு விதைப்புமில்லை, அறுப்புமில்லை. வயல் சும்மா கிடக்கிற நேரம்.

அப்படியென்றால் இந்த நாளின் பொருளை வயலில் தேடக்கூடாது. வீட்டுக்குள் தேட வேண்டும் என்பது என் எண்ணம். ஆடிக்கூழில் போடுகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பச்சையரிசி மா: தையில் வெட்டிய நெல், ஆறு மாதமாக வீட்டில் இருப்பது. பயறு: நெல் வெட்டிய பிறகு எஞ்சிய ஈரத்தில் போட்டு எடுத்தது, அதுவும் காய்ந்து பானையில் இருக்கும். தேங்காய் வளவில் எப்போதும் உண்டு. பனங்கட்டிதான் இந்தப் பட்டியலில் புதியது. வறண்ட காலம்தான் பனை சீவுகிற காலம். மழையில்லாத அந்த மாதங்களில் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டி, கள்ளாகப் புளிக்க விடாமல் கருப்பநீர் இறக்குவார்கள். அதில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை இருக்கும். சுண்ணாம்பை நீக்கிவிட்டுப் பாகு பதத்துக்குக் காய்ச்சி, பனையோலையில் பின்னிய குட்டானுக்குள் ஊற்றி இறுகவிட்டால் பனங்கட்டிக் குட்டான். ஆடிக்குள் அது வீடு நிறைய வந்து சேர்ந்திருக்கும். மழை இல்லாத மாதத்துக்கு மழை இல்லாததாலேயே கிடைக்கிற இனிப்பு இது. பனங்கட்டியைப் புதிதாகவும் மற்றதைச் சேமிப்பிலிருந்தும் எடுத்துக் காய்ச்சுவதுதான் ஆடிக்கூழ்.

காய்ச்சுகிற முறையிலும் பழகிய கையின் கணக்கு இருக்கிறது. பயற்றை வறுத்து உடைத்து, தேங்காயைச் சிறு சொட்டாக அரிந்து, இரண்டையும் இரண்டாம் பாலில் அவியவிடுவார்கள். வறுத்த பச்சையரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நேரே கொதியில் கொட்டினால் மாவின் வெளிப்பக்கம் உடனே பசையாகி, உள்ளே மா வேகாமல் கட்டிகட்டியாக நிற்கும். பனங்கட்டியைக் கரைத்து வடித்துவிட்டுத்தான் விட வேண்டும், குட்டானில் தூசு இருக்கும். முதற்பால் கடைசியில், இறக்குகிற நேரத்தில். முன்னமே விட்டுக் கொதிக்கவிட்டால் பால் திரைந்து எண்ணெய் மேலே வந்துவிடும். சிலர் மாவில் சிறு உருண்டை பிடித்துப் போடுவார்கள். ஏலக்காய், மிளகு, சீரகம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். இதில் எது சரி என்று வாதாடத் தொடங்கினால் விடிந்துவிடும். முதலில் படைத்துவிட்டு, அப்புறம் பிலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்தி அள்ளிக் குடிப்பது. கரண்டியில் குடித்தாலும் அதே கூழ்தான், ஆனால் யாரும் அப்படி ஒப்புக்கொள்வதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணக் கூழ் என்று கொழும்பிலும் ரொறொன்ரோவிலும் கடைகளில் எழுதிவைப்பது ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் மாவில் மீன், நண்டு, றால் போட்டு, உறைப்பும் புளியுமாகக் காய்ச்சுவது. அதற்கு நாள் கோள் இல்லை, கூட்டம் சேர்ந்தால் போதும். ஆடிக்கூழ் இனிப்பு, சைவம். தமிழகத்தில் ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றுகிற கூழ் வேறு. அது கேழ்வரகு, அதாவது நம்முடைய குரக்கன்.

ஆனால் அதே ஆடி முதல் நாளில், சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் தேங்காய் சுடும் பண்டிகை நடக்கிறது. முற்றிய தேங்காயின் கண்ணைத் திறந்து, தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, பச்சரிசி, பாசிப்பயறு, வெல்லம், எள் எல்லாம் உள்ளே திணித்து, குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுகிறார்கள். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்கிறார்கள். அரிசி, பயறு, தேங்காய், கட்டி. நம்முடைய கூழில் உள்ளவை அப்படியே. அங்கே பானை தேங்காய்க்குள் இருக்கிறது, இங்கே தேங்காய் பானைக்குள். கேரளத்தில் அன்று கர்க்கடகம் பிறக்கிறது, மூலிகை போட்ட கஞ்சி மாதம் முழுக்க உண்டு. ஆற்றங்கரை உழவரும், மழையில் நனைகிற மலையாளியும், புழுதியில் நிற்கிற யாழ்ப்பாணத்தவரும் ஒரே நாளில் அரிசியும் இனிப்பும் பயறுமாக எதையோ கிண்டுகிறார்கள் என்றால், அந்த நாள் பொதுச்சொத்து. காரணம்தான் ஊருக்கு ஊர் பிறகு சொல்லப்பட்டது. அரிசியையும் பயற்றையும் சேர்ப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயற்றில் தாராளமாக இருக்கிறது.

சரி, இனி வரலாறு. வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு காய்ச்சுகிற கூழ் என்றால், அந்தந்த ஆண்டில் வீட்டில் என்ன இருந்தது என்ற கேள்வி வரும். சங்கராந்திக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு, எந்தெந்த ஆண்டு ஆடிப்பிறப்பு எந்தத் திகதியில் விழுந்தது என்று பார்த்தால், உலக வரலாற்றில் பேர்பெற்ற சில நாள்கள் அதே திகதிகளில் வந்து நிற்கின்றன.

1945இல் ஆடி முதலாம் நாள் ஜூலை 16. நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டைச் சோதித்தது அன்றைய விடியற்காலை 5:29க்கு. யாழ்ப்பாணத்தில் அப்போது அதே நாளின் மாலைப்பொழுது, காய்ச்சிய கூழ் ஆறியிருக்கும். அந்தக் கூழ் தாராளமானதாக இருந்திருக்க முடியாது. போருக்கு முன் இலங்கை தன் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது, பெரும்பங்கு பர்மாவிலிருந்து. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. அரிசி கூப்பனுக்கு, அதாவது பங்கீட்டு அட்டைக்கு வந்தது. சொந்தமாக வயல் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கூழ், கூப்பன் அரிசியை எண்ணிச் சமைத்தவர்களுக்கு வேறு கூழ். ‘அந்தக் காலத்தில் எல்லாம் வளவில் கிடைத்தது’ என்று பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைச் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1953இலும் ஜூலையில்தான் அரிசி மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது நிலைமை தலைகீழ். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு இருந்தாலும், மிளகாயும் வெங்காயமும் போட்ட யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது.

1995இல் ஆடிப்பிறப்பு ஜூலை 17, திங்கட்கிழமை. அதற்கு எட்டு நாள் முன், ஜூலை 9 ஞாயிற்றுக்கிழமை, ‘முன்னேறிப் பாய்தல்’ படை நடவடிக்கைக்குத் தப்பி குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் சனம் நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் பக்கத்துக் கோயிலிலும் தஞ்சம் புகுந்திருந்தபோது விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆடிப்பிறப்புப் பாட்டு பிறந்த அதே நவாலி. அந்த ஆண்டு அந்த ஊரில் எட்டாம் நாளில் வந்தது ஆடிப்பிறப்பு. அக்டோபர் 30இல் சனம் இடம்பெயர்ந்து வலிகாமமே வெறுமையானது.

அந்தப் பத்தாண்டின் சமையலைப் பற்றி எழுத நிறைய உண்டு. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், உரம், பற்றரி எல்லாம் அரிதாகின. ஜாம்போத்தல் விளக்கில் படித்த தலைமுறை ஒன்று இருக்கிறது. சீனி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பது பழக்கமானது. அதுவரை பழசு என்று ஒதுக்கிய பனங்கட்டி, தடைக்காலத்தில் மறுபடி வீட்டுக்குள் வந்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் பனையின் அருமையைச் சனத்துக்குப் புரியவைத்தது தடைதான். இதில் கசப்பான பக்கம், அதே ஆண்டுகளில் பங்கருக்கும் காவலரணுக்கும் என்று பனைகளைத் தறித்ததும் போர்தான். ஒரு பனை சீவுகிற பதத்துக்கு வர 12 ஆண்டுக்கு மேல் ஆகும், தறிக்க ஒரு காலைப்பொழுது போதும். இன்று நல்ல பனங்கட்டி கிடைக்காமல் கூழில் சர்க்கரையோ சீனியோ போடுகிற வீடுகளுக்கு, மரம் குறைந்ததும், ஏறிச் சீவுகிற தொழிலுக்கு ஆள் குறைந்ததும் இரண்டும் காரணம்.

1998இலும் ஜூலை 17தான் ஆடி 1. அன்று ரோம் நகரில் 120 நாடுகளின் வாக்கோடு ரோம் சட்டம் நிறைவேறியது. போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகியவற்றை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதிலிருந்து வந்தது. ஜூலை 17 சர்வதேச நீதி நாளாகக் குறிக்கப்படுவது அதனால். இலங்கை இன்றுவரை அதில் சேரவில்லை. சேராத நாட்டின் மண்ணில் நடந்ததை அந்த நீதிமன்றம் தானாக எடுத்து விசாரிக்க முடியாது, பாதுகாப்புச் சபை அனுப்பினால் அல்லது நாடே ஒப்புக்கொண்டால்தான் வழி. 2017 பெப்ரவரி முதல் வடக்கில் தெருவோரக் கொட்டில்களில் தொடர்ந்து உட்கார்ந்திருக்கிற, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு இந்தச் சட்ட நுணுக்கம் வழக்கறிஞர்களைவிட நன்றாகத் தெரியும்.

உலகத்துக்கு ஜூலை 17 வேறு பலவும்தான். 1918இல் ரஷ்ய ஜார் குடும்பத்தைச் சுட்டது, 1975இல் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் வானத்தில் கைகோத்தது. ஐபோனில் நாட்காட்டி இமோஜியை உற்றுப் பாருங்கள், அதிலும் ஜூலை 17 என்றுதான் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் நாட்காட்டிச் செயலியை அறிவித்தது 2002இல் அந்தத் திகதியில். அதை வைத்தே 2014 முதல் அன்று இமோஜி நாள் வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 2002 ஜூலை 17உம் ஆடிப்பிறப்புத்தான், ஆப்பிள்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அண்மையில் மறக்க முடியாதது 2022. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிப் பதவி விலகி மூன்று நாள். பதில் ஜனாதிபதி அன்றிரவு அவசரகாலநிலை அறிவித்தார். பெற்றோல் செட் வாசலில் வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. முந்திய ஆண்டு இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதால் பெரும்போக விளைச்சல் சரிந்து, அரிசி விலை ஏறியிருந்தது. அந்த ஆடிக்கூழ் பல வீடுகளில் மறுபடி விறகடுப்புக்கு இறங்கியது. காவோலை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை என்று வளவில் பொறுக்கியது எல்லாம் எரிந்தது. காஸ் அடுப்பில் கூழ் அடிப்பிடிக்கிறது என்று எப்போதும் குறைசொல்லும் மூத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும் வாய்ப்பாகப் போனது. கொழுக்கட்டையைக் குறைத்தவர்கள் உண்டு, கூழைக் கைவிட்டவர்கள் குறைவு. ஒரு சுண்டு மாவும் ஒரு பிடி பயறும் இருந்தால் தண்ணீரைக் கூட்டி நாலு பேருக்குக் காய்ச்சலாம். கொழுக்கட்டையில் அந்த வித்தை நடக்காது.

புலம்பெயர்ந்த ஊர்களில் ஆடிப்பிறப்பு கிட்டிய சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போகிறது. பிலாவிலைக்குப் பதில் பேப்பர்க் கப். நாள் பார்ப்பதில் ஊரிலேயே ஒற்றுமை இல்லாதபோது அவர்களைக் குறைசொல்லி என்ன பயன். 2027இல் சூரியன் கடகத்தில் புகுவது ஜூலை 17 விடியற்காலை, ஆகவே இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒரே நாள்தான் வரும். 2028இல் திருக்கணிதப்படி அது ஜூலை 16 நண்பகலை ஒட்டி நிகழும், வாக்கியத்துக்கோ சூரியன் மறைந்த பிறகு. சூரியன் மறையும் விதியை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 16, மற்றதற்கு 17. பயறும் பனங்கட்டியும் வாங்குகிறவர்கள் அந்த வருடம் இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது.